முடிந்த கடனின் தவணைகள்

எங்கள் வீட்டுக் கடன் தீர்ந்துபோனதை என் மனைவியிடம் நான்கு ஆண்டுகள் மறைத்தேன்.

கடன் வாங்கியதை மறைத்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடன் தீர்ந்ததை மறைத்தவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான்தான் அவன். வயது அறுபத்தெட்டு. பாலிடெக்னிக்கில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இயந்திரவியல் கற்பித்தவன். மாணவர்கள் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமை பேசியவன்!

வீடு பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. கடன் முடிந்ததும் அதை விற்றுவிட்டுத் தாராபுரத்துக்குக் குடிபோவது என்பது என் மனைவி ருக்மணியின் திட்டம். திட்டம் என்றா சொன்னேன்? தவறு... அது அவள் ஆசை. அவள் பிறந்த ஊர் அது. அங்கே அவள் தங்கை தங்கமணி தனியாக இருந்தாள். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. எங்கள் ஒரே மகனும் புனேயில் இருந்தான். விருந்தாளிபோல எங்களிடம் வந்து போவான்.

தங்கமணிக்குப் பக்கத்து வீடு விலைக்கு வந்திருந்தது. உரிமையாளர் சென்னையில் இருந்தார், அவசரமில்லாத மனிதர். தங்கமணி அவரிடம் பேசி எங்களுக்காக நிறுத்திவைத்திருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுற்றுச்சுவரில் எந்த இடத்தில் வழிவிட வேண்டும் என்பதைக்கூட அக்காவும் தங்கையும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

நானும் சரியென்றுதான் சொல்லியிருந்தேன். நம்புங்கள்... மனதோடுதான் சொன்னேன்.

ஓய்வுபெற்றபோது கையில் ஒரு தொகை வந்தது. ஆறு ஆண்டுத் தவணை மீதமிருந்தது. அதை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று தோன்றியது. ருக்மணியிடம் சொல்லவில்லை. பத்திரத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்து, அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. தொடங்கும்போது என்னிடம் கள்ளம் இல்லை.

கள்ளம் அதற்குப் பிறகு வந்தது. எங்கிருந்து என்று கேட்கிறீர்களா? ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து!

அந்தியூர் என் சொந்த ஊர். அங்கே நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம். எதிர் வரிசையில் என் பெரியப்பா மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் தாராபுரம் போகவிருக்கும் செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, கடைசிக் காலத்துல மாமியா ஊட்டுச் சோத்துக்கே கெளம்பீட்டீங்களாட்ட இருக்குது?"

பந்தியே சிரித்தது. அவருக்குப் பக்கத்திலிருந்தவர் விடவில்லை.

"தாலி கட்டுன அன்னைக்கே போயிருந்தா, இன்னேரம் ரெண்டு ஏக்கராச்சும் எழுதி வாங்கியிருக்கலாமுங்களே!"

நானும் சிரித்தேன். இலையில் இருந்த பாயசத்தைச் சிரித்துக்கொண்டே குடித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கத்தில், பெண்டாட்டி ஊரில் போய்க் குடியிருப்பவனுக்கு என்ன மரியாதை என்பது எனக்குத் தெரியும். என் மாமனார் நிலபுலன் உள்ளவர். நான் படிப்பை மட்டும் காட்டிப் பெண் எடுத்தவன். தாராபுரத்தில் எனக்குப் பெயரே கிடையாது. "ருக்குவோட ஊட்டுக்காரரு", அவ்வளவுதான். இங்கேயோ காய்கறிக் கடை வரைக்கும் நான் "சார்". பழைய மாணவர்கள் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு...

எவ்வளவு அற்பமான காரணம் பார்த்தீர்களா! உயர்ந்த காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. இதுதான் காரணம்.

ஒரு வாரம் கழித்து வங்கிக்குப் போய்க் கடனை அடைத்தேன். கையெழுத்து, பதிவு எல்லாம் முடிந்து, மூலப் பத்திரம் கைக்கு வர மேலும் சில நாட்கள் ஆயின. மேலாளர் ஒரு சின்னப் பெண். உறையை இரண்டு கையாலும் நீட்டி, இனி வீடு முழுக்க உங்களோடதுங்க சார் என்று வாழ்த்தினாள். வழியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். ருக்மணிக்கு ரெண்டு முழம் மல்லிகையும் வாங்கினேன்.

அப்போதுகூடச் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே அவள் தங்கையிடம் பேசுவது கேட்டது.

"லோனு முடியட்டுங் கண்ணு. அடுத்த நாளே மூட்டயக் கட்டிக்கிட்டு வந்தர்றோம்."

அடுத்த நாளே! பையில் உறை இருந்தது. காதில் பந்திச் சிரிப்பு இருந்தது. நான் உள்ளே போனேன். அவள் போனை வைத்துவிட்டு மல்லிகையைப் பார்த்தாள், மைசூர்பாகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன விசேசமுங்க?"

"சும்மாதான்."

அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு நான் பெரிதாகப் பொய் எதையும் சொல்லவேண்டி வரவில்லை. பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே பத்திரத்தைச் செருகிவைத்தேன். என் தாள்களை அவள் தொடமாட்டாள். படித்தவர் மேசை என்று மரியாதை. ஓய்வுப் பணம் முதுமைக்கு வைப்பில் இருக்கிறது, பத்திரம் வங்கியில் இருக்கும்வரை வீட்டை விற்க முடியாது என்றேன். ஒப்புக்கொண்டாள். மாதம் பிறந்தால் தவணை போயிருச்சுங்களா என்று கேட்பாள். போயிருச்சு என்பேன். அவள் விரலை மடித்து மீதி மாதங்களை எண்ணுவாள்.

தவணைக்குப் போயிருக்க வேண்டிய பணத்தை மாதாமாதம் வைப்பில் போட்டேன். நான் எதையும் திருடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது உதவியது. ஆனால் நான் எடுத்துக்கொண்டது பணமில்லையே...

அடுத்த ஆண்டு அவள் ஒரு காரியம் செய்தாள். இதைச் சொல்லத்தான் எனக்கு நா எழவில்லை.

பக்கத்துத் தெருப் பெண்களின் சேலைகளை வாங்கிவந்து ஃபால்ஸ் தைக்கத் தொடங்கினாள். ரவிக்கைக்குக் கொக்கி வைத்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதற்கு இந்த வயதில் என்று கேட்டேன். பொழுது போகவேண்டாமா என்றாள். மாதக் கடைசியில், துணிக்கடைப் பை ஒன்றில் நோட்டுகளைச் சுருட்டி என் மேசைமேல் வைத்தாள்.

"இதையுஞ் சேத்திக் கட்டிப்போடுங்க. நாலு மாசம் முன்னாடி முடிஞ்சாலும் முடிஞ்சதுதானுங்களே?"

தீர்ந்துபோன கடனை, ஒரு பெண் ஊசியும் நூலுமாக அடைத்துக்கொண்டிருந்தாள்! நான் அந்தப் பணத்தை வாங்கினேன். ஆம்... கை நீட்டி வாங்கினேன். அவள் பெயரிலேயே தனிக் கணக்கில் போட்டுவைத்தேன். அப்படியொரு கணக்கு இருப்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அன்றே நான் உடைந்திருக்க வேண்டாமா? ஏன் உடையவில்லை? ஒவ்வொரு மாதமும் சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு மாதமும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி ஒரு மாதம் கூடுதலாக வளர்ந்திருந்தது.

மூன்றாம் ஆண்டில் சென்னைக்காரர் பக்கத்து வீட்டை வேறொருவருக்கு விற்றுவிட்டார். அவர்மீது தவறில்லை, நெடுநாள் பொறுத்தார். ருக்மணி போனில் அழுதபோது தங்கமணிதான் தேற்றினாள். தன் வீட்டிலேயே ரெண்டு அறை சும்மாதான் கிடக்கிறது, மாமாவுக்குத் தெருப்பக்கத்து அறை, அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கட்டும் என்றாளாம். ருக்மணி இதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். லோன் முடியட்டும், பார்க்கலாம் என்றேன்.

நான்காம் ஆண்டு, மார்கழியில், தங்கமணி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மறுநாள் காலையில் பால்காரர் வந்து, கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிடும்வரை யாருக்கும் தெரியவில்லை. கதவை உடைத்துத் திறந்தபோது உயிர் இல்லை.

அவள் எவ்வளவு நேரம் அங்கே கிடந்தாள்? கூப்பிட்டிருப்பாளா? யாரைக் கூப்பிட்டிருப்பாள்? இந்தக் கேள்விகளை ருக்மணி ஒருமுறைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. நான்தான் கேட்டுக்கொள்கிறேன்... தினமும்.

பல்லடம் வழியாகப் போன அந்தக் கார்ப் பயணம் முழுக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை!

நான் பந்தலில் ஆண்களோடு நின்றேன். உள்ளே ருக்மணி தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்து, கலைந்திருந்த முன்நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தாழ்ந்த குரலில், தூங்குகிறவளிடம் பேசுவதுபோலப் பேசினாள். கதவருகில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இன்னும் ரெண்டே வருசந்தான் கண்ணு இருந்துச்சு லோனு... அக்கா தச்சுத் தச்சுக் கட்டிக்கிட்டுத்தான இருந்தேன்... பொறுக்கமாட்டாமப் போயிட்டியே..."

செத்துப்போனவளிடம், இல்லாத கடனைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி.

இதற்குமேல் பொறுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மூன்று மாதம் கழித்து, ஒரு நண்பகலில், பத்திர உறையை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். வங்கி கொடுத்த கடன் முடிவுக் கடிதம் மேலேயே இருந்தது. அதில் தேதி இருந்தது. தேதியைக் காட்டிவிட்டு, காலில் விழுவதென்றாலும் விழுந்துவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன்.

"ருக்கு, லோன் முடிஞ்சிருச்சு..." என்று தொடங்கினேன். கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் தேதியைப் பார்க்கவில்லை. உறையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் தைத்த பணத்தோடு வைப்பில் இருந்ததையும் போட்டு நான் இப்போதுதான் அடைத்து முடித்தேன் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். மூணு மாசம் முன்னாடி முடிஞ்சிருக்கக் கூடாதுங்களா என்று மட்டும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். தங்கத்துகிட்ட ஒருக்கா உங்களப் பத்திக் கொறையாப் பேசிப்போட்டேனுங்க. இவரு வேணும்னேதான் இழுக்கறாரோ என்னமோ, இங்க வர இவருக்கு இஷ்டமில்லையோன்னு... அவ என்னையப் புடிச்சுத் திட்டுனா. மாமா அப்படிப்பட்டவரு இல்லக்கான்னா. அவ சொன்னதுதான் செரி. உங்களப் போயி அப்படி நெனச்சுப்போட்டனே. மன்னிச்சுக்கோங்க."

இப்போது சொல்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

தங்கை கடைசியாக நம்பிய ஒன்றை அக்கா பற்றிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தால், இறந்தவளின் அந்தச் சொல்லும் பொய்யாகிவிடும். இப்படி ஒரு நியாயம் எனக்கு அந்தக் கணத்தில் கிடைத்தது. அது நியாயமா, இல்லை மீண்டும் நான் ஒளிந்துகொள்ளக் கண்டுபிடித்த இடமா? மூன்று ஆண்டுகளாக யோசிக்கிறேன். தெரியவில்லை.

"பரவால்ல ருக்கு" என்றேன்.

சரியாகச் சந்தேகப்பட்டவளை, அந்தச் சந்தேகத்துக்காக நான் மன்னித்தேன்! என் வாழ்நாளில் நான் செய்தவற்றில் அதுதான் ஆகக் கொடியது. நான்கு ஆண்டுப் பொய்யைவிட அந்த ஒரு மன்னிப்பு.

அவள் முகம் தெளிந்தது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இன்னும் சாப்பிடாமல் இருக்கீங்களே என்று என்னைக் கடிந்துகொண்டு இரண்டு தட்டு எடுத்தாள். தங்கமணி போனபிறகு ஒரு பிடிக்குமேல் இறங்காதிருந்தவள், அன்று வயிறாரச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

ஊற்றினேன். போதும் என்று அவள் சொல்லும்வரை ஊற்றினேன்.