பாட்டு வீடியோவில் மாலை போட்ட என் படம்

நான் எந்தப் பாட்டு வீடியோவிலும் நடிக்கவில்லை. டீச்சருக்கு இந்த வயதில் நடிப்பு ஆசை வந்துவிட்டது என்று சொல்லித் திரிபவர்கள் இதை முழுவதும் படிக்கவும்.

இன்று காலை ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்குப் பஸ்ஸில் போனேன். டிரைவருக்கு மேலே இருந்த டிவியில் நம் பக்கத்துப் பையன்கள் எடுத்த புதுப் பாட்டு ஓடியது.

முன்பெல்லாம் பாட்டுக்கு வீடியோ என்றால் பாடுகிறவர் அருவிக்கு முன்னால் நின்று கையை ஆட்டுவார். இப்போது கதை வேண்டுமாம். கதைக்கு ஒரு சாவு வேண்டுமாம். இந்தப் பாட்டில் செத்தது தாய். சுவரில் அவள் படம், படத்துக்கு மாலை, முன்னால் விளக்கு.

படத்தில் இருந்தது நான்.

பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்தாள். "டீச்சரம்மா, நீங்கதானே! கண்ண மூடிக்கிட்டு அசல் பொணமாட்டமே இருக்கீங்க!"

"வாயக் கழுவுடி. உசுரோட இருக்கிறவ படத்துக்கு யாராவது மாலை போடுவாங்களா?"

"நடிப்புதானேங்க!"

மாலையைக்கூட மன்னித்துவிடுவேன். வீடு திரும்பியதும் போனில் அந்தப் பாட்டைப் போட்டு, படம் வரும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். நான் நடிக்கவில்லை, தூங்குகிறேன். என் கட்டிலில், என் தலையணையில். என் கணவர் போன பிறகு அந்த அறைக்குள் வேறு யாரும் வந்ததில்லை. கதவைத் தாழிட்டுத்தான் படுப்பேன். ஜன்னல் வழியாகவும் எடுக்கவில்லை. மூடிய ஜன்னல் படத்தில் எனக்குப் பின்னால் தெரிகிறது.

பாட்டு நன்றாக இருக்கிறது என்று யாரும் இங்கே எழுத வேண்டாம். படத்தை எடுத்தவர் யார், உள்ளே எப்படி வந்தார் என்று அவரே கீழே எழுதவும். பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை, எனக்குப் பதில் எழுத்தில் வேண்டும்.