சந்தனம் பூசிய ஜிபிஎஸ்

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை வந்தால் முதலில் மகிழ்வது நான்தான். அன்று புத்தகத்தைத் தொடக் கூடாது. பள்ளிக்கூடமும் டியூஷனும் சேர்ந்து பிழிந்தெடுக்கும் ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வரம் எந்தச் சாமியாலும் கொடுக்க முடியாது. மறந்துபோய் ஒரே ஒரு கணக்குப் புத்தகம் வெளியே தங்கிவிட்டாலும் ஆபத்து என்று, வீட்டைச் சல்லடை போட்டுத் தேடி, அசெஸ்மெண்ட் பயிற்சிப் புத்தகங்கள் அத்தனையையும் கொண்டுபோய்ச் சாமி அலமாரிக்கு முன்னால் அடுக்குவேன். என் பக்தியைப் பார்த்து அம்மா பூரித்துப்போவாள்.

புத்தகங்களுக்குப் பக்கத்தில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவின் ஸ்பானர்கள் இருக்கும். அம்மாவின் தையல் கத்தரிக்கோலும் இருக்கும். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ. அந்த வருடம் அவற்றோடு புதிதாக ஒன்று சேர்ந்தது, அத்தையின் ஜிபிஎஸ்.

அத்தை அப்பாவின் தங்கை. ஈசூன் வட்டாரத்தில் எங்களோடு, என் அறையில்தான் இருந்தாள். கட்டடம் எழும்பப்போகிற காடுகளுக்குள் முன்கூட்டியே நுழைந்து, அங்கே என்னென்ன அரிய செடிகள் இருக்கின்றன என்று பார்த்துவரும் ஒரு குழுவில் அவளுக்கு வேலை. சிங்கப்பூரில் காடு எங்கே இருக்கிறது என்று சிரிப்பவர்களை நான் மனத்துக்குள் திட்டுவேன். அத்தை திரும்பி வரும்போது அவள் காலுறையில் ஒட்டியிருக்கும் அட்டைகளை அவர்கள் பார்த்ததில்லை. மற்ற பிள்ளைகளின் அத்தைமார் குளிர்சாதன அறையில் கணினி தட்டிக்கொண்டிருந்தார்கள். என் அத்தையோ ஒட்டடைக்கோல் நீளத்துக்கு ஒரு கழியும் இடுப்பில் ஒரு கத்தியுமாகப் போனாள். அவளைவிட வீரமானவர் உலகத்தில் யாரும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அந்த ஜிபிஎஸ் பழைய காலத்துக் கைத்தொலைபேசி மாதிரி தடியாக, மஞ்சளும் கறுப்புமாக, தலையில் ஒரு கட்டைக் கொம்போடு இருக்கும். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களிடம் கேட்டு, நாம் பூமியில் எங்கே நிற்கிறோம் என்று அது சொல்லும். ஓர் இடத்தைச் சரியாகக் குறிக்க வேண்டுமென்றால் அவசரப்படக் கூடாது, அங்கே சற்று நேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்பாள் அத்தை. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, புல்வெளியில், கையை உயர்த்திப் பிடித்தபடி அவள் நின்று காட்டியிருக்கிறாள். கொசு கடித்தாலும் கை இறங்காது. என்னால் ஐந்து எண்ணும்வரைகூட அப்படி நிற்க முடிந்ததில்லை.

அம்மாவுக்கு மட்டும் அந்தக் கருவியின் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. "உன் அத்தை அந்த ரிமோட்டைத் தூக்கிட்டு எங்க போனா?" என்றுதான் கேட்பாள். நாத்தனாரின் வேலையைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததாகவும் தெரியவில்லை. படித்த பெண் சேற்றில் புரண்டுவிட்டு வந்து பாத்ரூமை நாசம் செய்கிறாள் என்பது அவளுடைய நிரந்தரக் குறை. இருந்தும், பூஜையன்று மாலை எல்லாருடைய கருவிகளையும் எடுத்துவைத்தபோது, சாப்பாட்டு மேசையில் கிடந்த ஜிபிஎஸ்ஸையும் எடுத்துத் துடைத்து, கத்தரிக்கோலைத் தள்ளிவிட்டு நடுநாயகமாக வைத்தாள். அதற்கென்று தாராளமாகச் சந்தனம் குழைத்தாள். பொத்தான் எது, திரை எது என்றெல்லாம் சந்தனத்துக்குத் தெரியுமா? முகம் முழுக்கப் பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்ததும் அது ஏதோ காவல் தெய்வம் மாதிரி ஆகிவிட்டது.

அப்போது அத்தை வீட்டில் இல்லை. அம்மா சொன்ன பொரி, கடலை, சாமந்திப்பூ வாங்க தேக்கா சந்தைக்குப் போயிருந்தாள். அந்தக் கூட்டத்தில் முட்டி மோதி, எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வந்து கதவைத் திறந்தவள், விளக்கு வெளிச்சத்தில் தன் ஜிபிஎஸ் அமர்ந்திருந்த கோலத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த முகம் அப்படியே சுருங்கியது.

மறுநாள், சனிக்கிழமை காலை அவள் காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. செம்பவாங் பக்கம், பழைய ரப்பர் மரங்கள் மண்டிய ஒரு காடு. ஞாயிற்றுக்கிழமை அதைச் சுற்றித் தகரவேலி அடைக்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு யாரும் நுழைய முடியாது, மரம் வெட்டும் இயந்திரங்கள் மட்டும் நுழையும். அந்தக் காட்டில் ஒரு மரக்கிளையில் காட்டு ஆர்க்கிட் ஒன்று ஒட்டி வளர்ந்திருந்தது. இந்தத் தீவில் இனி இல்லை என்று எல்லாரும் கைவிட்ட வகையாம். சில வாரங்களுக்கு முன்னால் மழையில் நனைந்தபடி அத்தைதான் அதைக் கண்டுபிடித்தாள். அதைக் கிளையோடு எடுத்துவரத்தான் அன்று காலைக்கு ஒரு லாரி பேசி வைத்திருந்தார்கள். மதியத்துக்குள் லாரி வேறு வேலைக்குப் போய்விடும்.

அந்த இடத்தைக் குறிக்கும் எண்கள் அலுவலகக் கணினியிலும் இருந்தன. ஆனால் ரப்பர் மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அந்த எண்கள் எந்தப் பக்கம் என்று யாரிடம் போய்க் கேட்பது? வழி காட்ட அந்தக் கருவிதான் வேண்டும், குழுவிடம் வேறு கருவி இல்லை. அதுவோ சாமிக்கு முன்னால் இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடிந்த பிறகுதான் எடுக்கலாம். நல்ல நேரமோ மதியத்தை ஒட்டித்தான் வந்தது.

"அண்ணி, நாளைக்கு மிஸ் பண்ணா அவ்வளவுதான் லா. அந்தச் செடி இருக்காது" என்றாள் அத்தை.

அம்மா கையில் கற்பூரத் தட்டோடு நின்றாள். "எடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஆனா எங்க வீட்ல ஒருநாளும் எடுத்ததில்ல" என்றாள்.

அத்தை சண்டை போடவில்லை. கையை நீட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், அம்மா என்ன மல்லுக்கட்டவா போகிறாள்? ஆனால் அவள் தொடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவள்மேல் இருக்கும் மதிப்பு இன்னும் கூடுகிறது. மறுநாள் விடிவதற்குள் எழுந்து, தலைக்குக் குளித்து, சமையலறைக்குள் போனாள். நான் கண் விழித்தபோது வீடு முழுக்கத் தாளித்த வாசனை. வெந்நீர் வைக்கவே மூன்று தடவை கேள்வி கேட்கும் என் அத்தை, தனியாக நின்று கொண்டைக்கடலைச் சுண்டல் செய்திருந்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல். அம்மா எழுந்து வந்து அடுப்பைப் பார்த்தாள், சுண்டலைப் பார்த்தாள், ஈரத் தலையோடு நின்ற அத்தையைப் பார்த்தாள்.

"சரி, வெளக்க ஏத்து" என்றாள். "இத்தன காலைல சாமிக்கு மட்டும் வேற என்ன வேல."

மறுபூஜை அப்படித்தான் நேரம் பார்க்காமல் நடந்தது. ஆனாலும் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. முன்கூட்டி எடுத்தோமே, அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? "நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டாள். அப்பா வேலைக்குப் போய்விட்டதால் என்னை விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. இப்படியாக, வாழ்நாளில் நடைபாதையை விட்டு இறங்கியிராத அம்மா, சிங்கப்பூர் காட்டுக்குள் சுடிதாரும் ஓடுவதற்குப் போடும் சப்பாத்துமாகப் புறப்பட்டாள். கையில் ஒரு டப்பா சுண்டல்.

காட்டின் ஓரத்தில் லாரியோடு அத்தையின் சக ஊழியர் காத்திருந்தார். மலாய்க்காரர், அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருள்படும்படி நான் அவரை அபாங் என்று அழைத்தேன். அம்மாவையும் சுண்டலையும் பார்த்து அவர் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. "கேன், கேன்", தாராளமாக வரலாம் என்று சொல்லி அம்மாவுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்தார்.

அத்தை ஜிபிஎஸ்ஸை முடுக்கினாள். திரை ஒளிர்ந்தது. ஆனால் போக வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் அமுங்கவில்லை. அழுத்திப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், சட்டையில் தேய்த்தாள். இரவெல்லாம் காய்ந்த சந்தனம் பொத்தானைச் சுற்றி இறுகிப்போயிருந்தது. தண்ணீருக்கு அஞ்சாத கருவி, அம்மாவின் பக்திக்கு முன்னால் படுத்துவிட்டது.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அத்தை அவளை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அபாங் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது.

"இங்க கொடு" என்றாள் அம்மா. தாலிச் சங்கிலியில் எப்போதும் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினாள். விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்து, கருவியை மடியில் வைத்துக்கொண்டு, பொத்தானின் விளிம்பைச் சுற்றி ஊக்கின் முனையால் சுரண்ட ஆரம்பித்தாள். நெத்திலியின் தலையைக் கிள்ளுகிற அதே நிதானம். கொசு அவள் கழுத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது, அவள் அசையவில்லை. எனக்குத் தெரிந்து அசையாமல் இருக்கக் கூடியவள் அத்தை ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அம்மா ஊதினாள், அழுத்தினாள். டிக் என்று ஒரு சத்தம். திரையில் ஓர் அம்புக்குறி தோன்றி, காட்டுக்குள் கை காட்டியது.

அதன் பின்னால் நடந்தோம். அத்தை முன்னால், நான் நடுவில், அம்மா முருகனை அழைத்துக்கொண்டே பின்னால். இலைகள் அடர்ந்த இடங்களில் அம்பு குழம்பும். அத்தை உடனே நின்று, வானம் தெரிகிற சிறு இடைவெளி தேடிக் கையை உயர்த்துவாள். நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். தூரம் குறைந்துகொண்டே வந்தது. மிகவும் கிட்டே போனதும் அம்பு ஒரு நிலையில் நிற்காமல் சுற்றிச் சுற்றித் திரும்பியது.

அத்தை கருவியைப் பைக்குள் போட்டாள். "இதுக்கு மேல இதால முடியாது. இனிமே நம்ம கண்ணுதான்."

எல்லாரும் அண்ணாந்து தேடினோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை, அதற்கு மேலும் பச்சை.

"அங்க பாரு, அந்தக் கிளையில யாரோ வெங்காயத்தாள் நட்டு வச்சாப்ல இருக்கு" என்றாள் அம்மா.

அத்தை ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பூ இல்லை, மணம் இல்லை, வெறும் இலைக்கொத்து. இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அபாங் கயிறு போட்டு ஏறி, கிளையை அறுத்து, குழந்தையை இறக்குவதுபோல அதை இறக்கியபோது, அம்மா கையுறையோடு இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். லாரி கிளம்பும் நேரத்துக்கு முன்பாகவே வெளியே வந்துவிட்டோம். உப்புச் சுண்டலை நான்கு பேரும் பங்கு போட்டுத் தின்றோம்.

அபாங் செடியோடு நர்சரிக்குப் போனார். நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தையிடம் ஜிபிஎஸ்ஸை வாங்கி, கண்ட பொத்தானையெல்லாம் அழுத்திக்கொண்டு வந்தேன். ஏதோ ஒன்றை அழுத்தியதும் திரையில் வரைபடம் சிறிதாகி, காடு முழுவதும் தெரிந்தது. அதில் சின்னச் சின்ன நீலக்கொடிகள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இடமே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"அத்தை, இவ்வளவு செடியையும் காப்பாத்திட்டீங்களா?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக என் கையிலிருந்து கருவியை வாங்கி அணைத்துவிட்டு, அத்தையின் மண் படிந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஈசூன் வரும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை.

ஒவ்வொரு கொடியும் அத்தை கண்டுபிடித்து, கை உயர்த்தி நின்று, குறித்துவைத்த ஒரு செடி. அவற்றில் எடுத்துவர முடிந்தது அந்த ஒன்றுதான். மீதி அத்தனையும் ஞாயிற்றுக்கிழமை தகரவேலிக்கு உள்ளே போகப்போகிறவை. அம்மாவுக்கு அது ஒரு பார்வையில் புரிந்தது. எனக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, என் அத்தை ஒரு காட்டையே காப்பாற்றிவிட்டார் என்று சொன்னேன். கொடிகளைப் பற்றி வாய் வலிக்கச் சொன்னேன். ஆசிரியை எல்லாரையும் கைதட்டச் சொன்னார். பலத்த கைதட்டல். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அத்தையிடம் ஓடி, "முழு கிளாஸும் உங்களுக்குக் கிளாப் பண்ணாங்க அத்தை!" என்றேன்.

அத்தை என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. வெகுநேரமாகியும் விடவில்லை. கீழே விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போது விடுவாளோ என்று நான் நெளிந்துகொண்டிருந்தேன்.