வாளில்லாத நான்கு தட்டுகள்

பழம்பொருள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாங்க வருவதில்லை. தங்கள் வீட்டில் இதைவிடப் பழசு இருக்கிறது என்று சொல்ல வருகிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முறுக்கு அச்சு

சென்னைப் பக்கம் வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம். முத்துப்பேட்டை ஹாஜா பாய் என் தஞ்சாவூர்க் கடைக்கு நான்கு இரும்புத் தட்டுகளைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம், நடுவில் துளை. கொக்கு, அலை, மூங்கில், நெற்கதிர் என்று தட்டுக்கொரு சித்திரம். பினாங்கில் கடை வைத்திருந்த அவருடைய அத்தாவின், அதாவது அப்பாவின், பெட்டியில் கிடந்தவை. மகளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. இவை விற்றால்தான் அவளைச் சேர்க்க முடியும்.

என்ன பொருள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குத்துவிளக்கு பார்க்க வந்த திருவையாற்று அம்மாள் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு தடவைக்கு ஒரு முறுக்குதான் விழும் போல."

குடை வியாபாரம்

பெரிய கோயில் பார்க்க வந்த ஜப்பான் இன்ஜினியர் ஒருவர் தட்டுகளைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூட வந்த கைடு விளக்கினார்: வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே மாட்டுகிற காப்பு, கை நழுவி அலகில் படாமல் தடுக்கும். இரும்பில் ஏறிய அந்தப் பழைய கறுப்புக்குத்தான் மதிப்பாம். வெள்ளிக்கிழமை வந்து நான்கையும் வாங்கிக்கொள்வதாக இன்ஜினியர் சொன்னார்.

ஹாஜா பாய்க்குப் போன் செய்தேன். "வாள் எங்கேன்னு மட்டும் கேட்டுடாதீங்க சார். எங்க அத்தா அங்கே குடைதான் வித்தாரு."

கதிர்

வெள்ளிக்கிழமை கடை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மல்லிகாவிடம் சொன்னது நான்தான். கடையைச் சுத்தம் செய்பவர். நீடாமங்கலத்துப் பக்கம், வயல் வேலை செய்த குடும்பம். விளக்குகளைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து முடித்தவர், அதே கையோடு நெற்கதிர்த் தட்டையும் தேய்த்துவிட்டார். அது புது அரிவாள் மாதிரி மின்னியது.

ஏன் இதை மட்டும் என்று கேட்டேன். "கதிர் கறுத்துக் கெடந்தா எப்படிங்க சார் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

பாராட்டு

இன்ஜினியர் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு இரண்டு கையாலும் மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, மற்ற மூன்றையும் வாங்கிக்கொண்டார். போகும்போது ஏதோ சொன்னார். கைடு என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார். "இவ்வளவு சுத்தமா அவங்க ஊர்ல யாராலயும் செய்ய முடியாதாம்."

மிச்சம்

மறுநாள் ஹாஜா பாய் வருவதைப் பார்த்ததும் மல்லிகா காப்பி வாங்கப் போய்விட்டார். மூன்று விற்ற பணத்தையும் பளபளக்கும் நான்காவதையும் மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். மகளைச் சேர்க்க இது போதுமா என்றேன். போதும் என்றார். தட்டைக் கைக்குட்டையில் துடைத்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

"'ஒண்ணாவது வீட்ல இருக்கட்டும், அத்தா'ன்னு மக சொல்லிட்டே இருந்தா. உங்ககிட்ட கொடுத்ததைத் திருப்பிக் கேக்க எனக்கு வாய் வரல. மல்லிகாம்மா புளியைப் போட்டே கேட்டுட்டாங்க."

எண்ணெய், புளி, அக்கறை மூன்றும் பழம்பொருளுக்கு ஆகாது. மூன்றாவதைத்தான் இன்றுவரை கடைக்குள் தடுக்க முடியவில்லை.