மூடி போட்டு எடுத்த படங்கள்

அண்ணைக்கு நட்டுக் கழண்டுவிட்டது என்பதுதான் எங்கள் வீட்டாரின் முடிவு. கனடா மாமா அனுப்பிய பழைய கமராவை மூன்று கால் ஸ்ராண்டில் ஏற்றி, பொழுதுபட்டதும் அரியாலைக் கரையில் கிழக்கே பார்த்தபடி நிற்பார். ஒரே வானத்தை ஓயாமல் எடுப்பார். எல்லாப் படங்களையும் கொம்பியூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மங்கலான நட்சத்திரங்கள் துலங்குமாம். கடைசியில் கமராவின் வாயை மூடிவிட்டு இன்னும் கொஞ்சப் படம் எடுப்பார். அந்த மூடியைப் பத்திரமாக வைத்திருப்பது என் உத்தியோகம்.

"ஏனண்ணை, மூடியோடை எடுக்கிறீங்கள்?"

"கமராவுக்குள்ளை தன்ரை பாட்டிலை புள்ளி விழும். வெறும் இருட்டை எடுத்து வைச்சால் பிறகு வானத்துப் படத்திலையிருந்து அதைக் கழிக்கலாம்."

எனக்கு அப்போது எட்டு வயது. இருட்டைப் படமெடுக்கிற ஆள் எங்கள் அண்ணைதான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை அது. மழை விட்டு, வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. வரிசையான மூன்று நட்சத்திரங்களோடு வேட்டைக்காரன் என்கிற நட்சத்திரக் கூட்டம் தண்ணீருக்கு மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா இறால் பிடிக்க வள்ளத்தைத் தள்ளினார். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், அவருடைய லைற் எரிந்தது.

"என்ரை லைற் உன்ரை படத்தைப் பழுதாக்கிப்போடுமே?"

"பரவாயில்லை அப்பா, நீங்கள் போங்கோ. அசையிற எல்லாத்தையும் கொம்பியூட்டர் தானே அழிச்சுப்போடும்."

அப்பா சிரித்தார். "அப்ப நான் இல்லாமல்தான் உன்ரை படம் வடிவா வரும்" என்று சொல்லிவிட்டுக் கோலை ஊன்றி வள்ளத்தைத் தாங்கத் தொடங்கினார். 

வீட்டுக்கு வந்த கையோடு அண்ணை அடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு படத்திலும் அப்பாவின் லைற் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அடுக்கி முடிந்த படத்தில் அதைக் காணவில்லை. நட்சத்திரங்களும், அவற்றின் கீழே இளஞ்சிவப்பாய்ப் புகை மாதிரி ஒரு வான்முகிலும் மட்டும் இருந்தன. நான் கை தட்டினேன். கொம்பியூட்டரில் இடம் போதாது என்று அண்ணை தனிப் படங்களை எல்லாம் அழித்தார். மூடி போட்டு எடுத்தவை இன்னொரு நாளைக்கும் உதவும் என்று அவற்றை மட்டும் விட்டுவைத்தார்.

அன்றிரவு காற்று மாறியது. விடிய வள்ளம் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. அப்பாவைப் பிறகுதான் தூக்கி வந்தார்கள்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சனம் கலைந்த பின் அம்மா அண்ணையிடம் வந்தார்.

"தம்பி, அண்டைக்கு எடுத்த படத்திலை அப்பான்ரை லைற் விழுந்ததெல்லே. அதை ஒருக்காக் காட்டு ராசா."

அம்மா அதற்குப் பிறகு அண்ணையிடம் வேறொன்றும் கேட்டதில்லை. அண்ணை எழும்பிப் பின்வளவுக்குப் போனார். கிணற்றடியில் அவர் விம்மி அழுவது உள்ளே வரை கேட்டது. பெரிய மனிசி மாதிரி நான் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் ஏறி இருந்து, மிச்சமிருந்த படங்களை அம்மாவுக்குத் திறந்து காட்டினேன். எல்லாம் கறுப்பு. அம்மா ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"உது மூடி போட்டு எடுத்தது அம்மா. ஒண்டும் இராது."

"இருக்கட்டும், காட்டு."

ஒரு படத்தில் அவருடைய விரல் நின்றது. கீழ்ப்பக்கத்தில் ஊசி முனையளவு ஒரு சிவப்புப் புள்ளி.

"இதென்ன பிள்ளை?"

"அது கமராவின்ரை பிழை. வெளியிலை அப்பிடி ஒண்டும் இல்லை."

"மற்றதிலையும் இருக்குதே?"

"ஓம். எல்லாத்திலையும் அதே இடத்திலைதான் இருக்கும். அசையாது."

"அசையாதோ" என்றார் அம்மா. விரலை அந்தப் புள்ளியிலிருந்து எடுக்கவில்லை. "இதை அழிக்கவேண்டாமெண்டு அண்ணையிட்டைச் சொல்லு."

பிழையை எதற்கு வைத்திருக்கவேண்டும்? அம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, மூடி போடுவதிலிருந்து எல்லாவற்றையும் அவருக்குத் திருப்பிச் சொல்லத் தொடங்கினேன்.