சிவப்புப் பூ வந்த பிறகு

போன வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் விடுவேனா?

என் தோழி பரமேஸ்வரி, தானா ராத்தா ஊர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். கணவர் இறந்து ஒன்பது வருஷம். கியா பார்மிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் ராஜு, அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். இவளுக்கும் கொள்ளை ஆசை. ஆனால் லயத்து வீடுகளில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே...

இதற்கெல்லாம் எங்கள் தோட்டங்களில் ஒரு வழி உண்டு — அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைச் செவ்வந்தி, ஒன்றில் சிவப்பு ரோஜா. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை நானும் பரமுவோடு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். பரமு எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நடக்கப்போறதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும்மா. விட்டுடு," என்றார் பூசாரி.

பரமு பூசாரி பக்கம் திரும்பினாள்.

"எல்லாமே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"அப்ப சிவப்பு வந்தாலும் நான் அவரத்தான் கட்டிக்குவேன்னும் தெரிஞ்சிருக்கும் லா."

பூசாரி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "தெரிஞ்சு... தான் இருக்கும்."

"தெரிஞ்சும் என் கையப் புடிச்சு நிறுத்தலையே. அம்மா சொல்றத சொல்லிட்டா. இனி நல்லதோ கெட்டதோ, என் பொறுப்பு."

எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. கோயிலாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

எல்லாம் முன்பே கடவுளுக்குத் தெரியும் என்றால் நாம் வெறும் பொம்மையா? எத்தனை வருஷமாக மண்டையைக் குழப்பிய கேள்வி! பிரிஞ்சாங் சந்தைக்குள் நுழைந்தால் என் வீட்டுக்காரர் அவித்த சோளம் வாங்குவார். எனக்கு முன்கூட்டியே தெரியும். அதற்காக நானா வாங்க வைத்தேன்? தெரிந்திருப்பது வேறு, தள்ளிவிடுவது வேறு. இந்தச் சின்ன விஷயம் எனக்கு ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை?

கிளம்பும்போது பூசாரி தயங்கித் தயங்கிச் சொன்னார். "பூவ இங்க விட்டுட்டுப் போகக் கூடாதும்மா. அது பிரசாதம்."

பரமு ரோஜாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, ஒன்பது வருஷமாகப் பூவே வைக்காத தலையில் செருகிக்கொண்டு, ராஜுவுக்குப் போன் போட்டாள்.

வேண்டாம் என்ற அம்மன்தான் பூவும் கொடுத்தனுப்பினாள்... தெரியாமலா கொடுத்திருப்பாள்?