நடைமேடைக் கோடியில் ஒரு மணி நேரம்

சென்ற ஆண்டு ஆவணி மாதம், ஒரு பிற்பகல். கடம்பத்தூர் ரயில் நிலையத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத நடைமேடைக் கோடி. நாள்தோறும் மூன்று மணிக்கு அங்கே தனியே அமர்ந்து, மனப்பாடமான பாசுரங்களை வாய்க்குள் சொல்லி மகிழ்வது என் வழக்கம். வீட்டில் தொலைக்காட்சி ஓயாது. தனியாக இருக்கப் போகிறேன் என்றால் மருமகள் வருந்துவாள். போகவேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். ஆகவே, "கோயிலுக்குப் போகிறேன்" என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்புவேன்.

அன்று சரணாகதிப் பாசுரம் ஒன்றில் உள்ளம் உருகி எழுந்து, என்னை அறியாமல் விளிம்பருகே போய் நின்றேன். கைகள் தலைமேல் குவிந்தன, கண்களில் நீர் பெருகியது. நில்லாமல் போகும் விரைவு ரயில் ஒன்று நெருங்கியதை நான் கவனிக்கவில்லை. யாரோ என் மேல்துண்டைப் பற்றிப் பின்னால் இழுத்தார். நிலையத்தில் பூ விற்கும் பெண்மணி.

"இன்னா பெரியவரே, ஊட்ல சோறு போடலியா?"

"பாடிக்கொண்டிருந்தேன் அம்மா."

"கண்ணுல தண்ணி ஊத்திக்கினு, ரயிலாண்ட நின்னுக்கினு பாட்டா?"

அவர் நம்பவில்லை; ரயில் முன் விழ வந்தவன் என்றே எண்ணிவிட்டார். என் சட்டைப்பையிலிருந்த கைபேசியை எடுத்து, வீட்டு எண்ணைக் கேட்டு அழைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் மருமகள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. இனி இந்தத் தனிமை இல்லை என்று எண்ணிக்கொண்டேன்.

"மூணு மணிக்கு எந்தக் கோயில் மாமா தொறந்திருக்கு? மொதல் நாளே எனக்குத் தெரியும். நான் இருக்கற ஊட்ல உங்களுக்கு இருக்கப் புடிக்கலன்னு நெனச்சிக்கினுதான் கேக்காம உட்டேன்."

நடை சாத்தும் நேரம்கூட நினைவின்றி மாதக்கணக்கில் பொய் சொல்லியிருக்கிறேன்! வெட்கத்தில் தலை குனிந்தது.

"உன்னிடம் ஒரு குறையும் இல்லை அம்மா. சற்று நேரம் தனியே இருப்பது எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்."

"இத்த சொல்றதுக்கா இவ்ளோ நாளு?" என்று கண்ணைத் துடைத்தாள்.

"எனக்குந்தான் புடிக்கும். எவன் உடறான்!" என்றார் பூக்காரர். மருமகள் சிரித்துவிட்டாள்.

"நாளைக்கும் வாங்க மாமா. ஆனா பெஞ்சில உக்காந்தே பாடுங்க."

இப்போது உண்மையைச் சொல்லிவிட்டே கிளம்புகிறேன். ஆயினும், நான் அங்கே இன்புற்றிருந்த அந்த மாதங்களில் ஒருத்தி வீட்டில் மனம் நொந்திருந்தாளே, அப்போது பாடியவை இறைவன் செவிக்கு இனித்திருக்குமா என்ற ஐயம் மட்டும் இன்னும் என்னை விட்டு அகலவில்லை.