பழம் என்றால் வாழைப்பழம்

மட்டாஞ்சேரியில் பழம் என்றால் வாழைப்பழம்தான். மாம்பழம், பலாப்பழம், கொய்யா எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வாழைக்கு மட்டும் வேண்டாம். கடையில் போய் "பழம்" என்றால், ஏத்தப்பழமா, பூவனா, பாளையங்கோடனா என்றுதான் கேள்வி வரும். அதேபோல "காய" என்றால் வாழைக்காய். உப்பேரி வறுத்தாலும் காய, எரிசேரிக் கூட்டில் போட்டாலும் காய. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் கொஞ்ச நாள் இதில் தடுமாறுவார்கள். நாங்கள் அப்படி அல்ல. பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து தலைமுறைகள் ஆன குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். இரண்டும் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

வீட்டுத் தமிழில் இந்த இரண்டு சொற்களுக்கும் வேறு வேலை இருந்தது. தெருவில் எங்கள் பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் காய், சேர்ந்துகொண்டால் பழம். பெரியவர்களுக்கு அது காரியத்தின் முடிவைக் கேட்கிற பேச்சு. அப்பா எதற்காகவாவது வெளியே போய்த் திரும்பினால், செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா, "காயா பழமா?" என்பாள். சம்பள உயர்வு பெரும்பாலும் காய். கூரை ஓடுகளை மாற்றித் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்ன வாக்கு எப்போதும் காய். ரேஷனில் நல்ல அரிசி வந்திருந்தால் பழம். எங்கள் வீட்டில் பழங்கள் எல்லாம் அந்த அளவுதான்.

மற்றபடி நிஜ வாழை எங்கள் வீட்டில் தினமும் புழங்கியது. விசேஷ நாளில் இலை, கல்யாண வாசலில் மரம், பூத்தொடுக்க நார். எனக்குக் கசப்பு மாத்திரை கொடுக்க வேண்டுமானால் அம்மா அதைப் பழத்துண்டில் பொதிந்து கொடுப்பாள். நான் பழத்தை மென்று தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்புவேன். அடி விழும்.

அப்பாவுக்கு பஜார் ரோட்டில் ஒரு பண்டகசாலையில் வேலை. மிளகும் சுக்கும் கொண்டுவருகிறவர்களின் சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்து, ஈரம் இருக்கிறது, எடுக்க முடியாது என்று சொல்வது அவர் பொறுப்பு. அதை வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி சொல்வார். மூட்டையைத் திருப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்கூட அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். வெளியாருக்கு அவ்வளவு பதமாகப் பேசத் தெரிந்த மனிதர் வீட்டில் ஒரு கெட்ட செய்தியைச் சொல்ல வாயெடுக்க மாட்டார். ஈரச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மாவின் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. அவள் அதைச் சில மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகு எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்து எங்கோ வெளியூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் கணவர் மட்டும் வந்தால் போதும் என்றார் டாக்டர். அந்த ஒரு வாரம் அம்மா இரவில் அழுவாள், பகலில் வேலை பார்ப்பாள். தீபாவளிக்கு எடுத்த ரவிக்கைத் துணி தைக்கப்படாமல் பெட்டியில் கிடந்தது. ஏன் தைக்கவில்லை என்று கேட்டேன். தைத்து என்ன ஆகப்போகிறது என்றாள்.

டாக்டரைப் பார்க்கப் போக வேண்டிய நாள் காலையில் அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "நீங்க திரும்பி வர்ற வரைக்கும் என்னால பொறுத்துண்டு இருக்க முடியாது. மத்தியானமே எனக்குத் தெரியணும்."

"பண்டகசாலைக்கு போன் பண்றேன். சேட்டன் வந்து சொல்லுவான். ஒரே ஒரு வார்த்தை. காய்னா காய், பழம்னா பழம்."

"அவன் வேற யார்கிட்டயாவது போய்ச் சொல்லிட்டா?"

"அவனுக்கு என்ன புரியப்போறது?"

அவனுக்குப் புரியாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் என்று அப்பா நினைத்தார். அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் சேட்டன் என்று கூப்பிட்டது, பண்டகசாலையில் சாக்குத் தைப்பது, சாயா வாங்குவது, போன் எடுப்பது எல்லாம் செய்த ஒரு மலையாளி. நல்ல மனிதர். அப்பா கேட்டுக்கொண்டால் கறிகாய் வாங்கி எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டும் போவார்.

நண்பகல் தாண்டியபின் அவர் வந்தார். வாசலில் நானும் அம்மாவும் நின்றிருந்தோம். அவர் கையில் ஒரு சீப்பு ஏத்தப்பழம், நன்றாகப் பழுத்துத் தோல் கறுத்தது. அதை நீட்டி, "காய கிட்டியில்லா கேட்டோ. பழமே உள்ளூ" என்றார்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். "எந்தா பறஞ்ஞே?"

"காய இல்லா. பழமாணு" என்றார் அவர், இன்னும் தெளிவாக.

கடையில் வாழைக்காய் கிடைக்கவில்லை, பழம்தான் இருந்தது என்று அந்த மனிதர் சொன்னார். மட்டாஞ்சேரியில் நாய்க்கும் பூனைக்கும்கூடப் புரிகிற மலையாளம் அது. ஆனால் வாரம் முழுக்கத் தமிழில் காத்திருந்த எங்கள் காது அதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டது. கையில் பழம் வேறு இருந்ததே. நல்ல செய்தியோடு அப்பாதான் இனிப்புக்குப் பதிலாகக் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று அம்மா நினைத்தாள். "இந்த மனுஷருக்கு இதெல்லாம்கூடத் தோணறதே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்தபோது கன்னத்தில் குழி விழும் என்பது அப்போதுதான் எனக்கு மறுபடி நினைவு வந்தது.

சேட்டனை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அவர் விழித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போனார். பிறகு அம்மா குளித்தாள். பூ வைத்துக்கொண்டாள். ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு தையற்காரர் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். "கை கொஞ்சம் தொளதொளன்னு இருக்கட்டும், அடுத்த வருஷம் நான் பருத்துடுவேன்" என்று அவரிடம் சொன்னாள். திரும்பி வந்து தேங்காய் துருவிப் பால் பிழிந்து, வெல்லம் காய்ச்சி, அந்தப் பழத்தை வேகவைத்து மசித்துப் பிரதமன் வைத்தாள். அப்பாவுக்கு உயிர் அது. கிளறிக்கொண்டே ஏதோ முணுமுணுவென்று பாடினாள். நான் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு எந்த அடுப்புக்குப் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை.

அப்பா வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. பூவையும் நெற்றிக் குங்குமத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏன் அங்கேயே நிக்கறேள்? வாங்கோ. பழத்தை வேற கொடுத்தனுப்பிச்சேளே, அதைத்தான் பிரதமன் வெச்சிருக்கேன்."

"எந்தப் பழம்?" என்றார் அப்பா.

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அது அசையவே இல்லை.

"நான் காய்னுதானே சொன்னேன்" என்றார். "பக்கத்துல ஆள் இருந்தது. மெதுவாத்தான் சொன்னேன். வீட்டுல காய்னு சொல்லணும்னு."

போனில் பாதி காதில் விழுந்து, வீட்டுக்குக் காய வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார் என்று சேட்டன் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கே அது அந்த இடத்தில் புரிந்துவிட்டது. அம்மாவுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

"மத்தியானமே தெரிஞ்சுடுத்தே, இவ்வளவு நேரம் எங்க இருந்தேள்?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"போட் ஜெட்டியில. வர்ற போட்டையெல்லாம் விட்டுட்டு அங்கேயே உக்காந்திருந்தேன்." அவர் சுவரைத் தேடினார், வாசலில் பார்க்கச் சுவர் இல்லை. "நான் வர்றதுக்குள்ள நீ அழுது முடிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

 "முடிச்சுத்தான் வெச்சிருந்தேன்" என்றாள் அம்மா. "ஒரு வாரமா அழுது, இன்னிக்குக் காலம்பற ஒரு வழியா முடிச்சு வெச்சிருந்தேன். மத்தியானம் எதுக்கு எனக்கு இதைக் கொடுத்தேள்? இனிமே நான் முதல்லேருந்து அழணும்."

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அன்று யாரும் சாப்பிடவில்லை. எனக்குப் பசித்தது. உருளியில் பிரதமன் இருந்தது. அதைக் கேட்கலாமா என்று தெரியாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் பண்டகசாலையில் சேட்டன், பழம் எப்படி இருந்தது என்று கேட்டாராம். நன்றாயிருந்தது என்று அப்பா சொன்னாராம். அந்த ஆளுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அப்பாமேல் இருந்தது. அவர் போனபிறகும் இருக்கிறது.

மார்பை எடுத்தார்கள். பிறகு எங்கெங்கோ காட்டினார்கள். எதுவும் பிரயோஜனப்படவில்லை. அடுத்த ஜூனில் இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அதுவரை டாக்டரைப் பார்க்க அப்பா பலமுறை எர்ணாகுளம் போனார். ஒவ்வொரு தடவையும் முதல் போட்டைப் பிடித்து நேரே வீட்டுக்கு வந்து, அவள் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா அவரிடம் எதையும் கேட்கவில்லை.